மறைகுறியாக்கிய முகில் தரவுத்தளத்தில் தேடும்போது எவையெல்லாம் வெளியே தெரிகின்றன? (உளவள ஆலோசனைப் பதிவுகள், மட்டக்களப்பு)

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உளவள ஆலோசனை வழங்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் தரவுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வாகரை முதல் வெல்லாவெளி வரை எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் சென்று வருகிறார்கள். எங்களை நாடி வந்தவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கிராம சேவையாளர் பிரிவு, வந்த காரணம், ஆலோசகரின் குறிப்பு ஆகியவை ஏறத்தாழ 5,000 பதிவுகளாக எக்செல் கோப்புகளில் கிடக்கின்றன. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இவற்றை ஒரே கட்டடத்தில், ஒரே கணினியில் வைத்திருக்க எங்களில் எவருக்கும் மனமில்லை.

முகில் தரவுத்தளம் அமைத்துத் தர முன்வந்திருக்கும் ஒரு நிறுவனம், எல்லாத் தரவும் ஏஇஎஸ்-256 முறையில் மறைகுறியாக்கப்பட்டிருக்கும் என்றும், நாங்கள் வழமைபோல் பெயரைக் கொடுத்துத் தேடலாம் என்றும் உறுதி கூறுகிறது. என் ஐயம் அங்கேதான் தொடங்குகிறது. நான் கேட்ட பெயருக்குரிய பதிவை அந்தச் சேர்வரால் எடுத்துத் தர முடிகிறது என்றால், அது எதையோ அறிந்துதானே தருகிறது? எங்களிடம் வரும் பெண்களுட் பலர் தம் வீட்டாருக்கே தெரியாமல் வருகிறார்கள். ஒருவர் எங்களிடம் வந்தார் என்ற செய்தி மட்டும் வெளியே போனாலும் அவருக்குத் தீங்கு நேரலாம். ஆகவே இதை நன்றாக விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பமிட விரும்புகிறேன்.

கல்முனைக் கணிஞர் எழுதியது:

சகோதரி, அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மறைத்ததை மீண்டும் வாசிக்க உதவும் இரகசிய எண்ணான சாவி யாரிடம் இருக்கும்? தேடல் நடக்கும்போது மறைநீக்கம் எந்தக் கணினியில் நிகழும்?

பெரும்பாலான விளம்பரங்களில் சொல்லப்படும் ஏஇஎஸ்-256, வட்டில் உறங்கும் தரவுக்கான மறைகுறியாக்கம்தான். தரவு மையத்திலிருந்து வன்தட்டை எவரேனும் கழற்றிச் சென்றால் அது காக்கும். இணையத்தில் பயணிக்கும்போது டிஎல்எஸ் என்ற இணைப்புப் பாதுகாப்பு முறை காக்கும். ஆனால் தரவுத்தள மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் நினைவகத்தில் எல்லாம் வெறும் எழுத்தாகவே இருக்கும். தரவுத்தளக் கடவுச்சொல்லை வைத்திருக்கும் நிர்வாகியும், அந்தக் கடவுச்சொல்லைத் திருடியவரும், பிரதிக் கோப்பை எடுக்க அனுமதி பெற்றவரும் ஒவ்வொரு வரியையும் வாசிக்கலாம். உண்மையில் நடக்கும் கசிவுகளிற் பெரும்பகுதி வன்தட்டுத் திருட்டால் நிகழ்வதில்லை. கடவுச்சொல் பறிபோவதாலும், பொதுவெளிக்குத் திறந்து விடப்பட்ட பிரதிகளாலுமே நிகழ்கிறது.

உங்களுக்குத் தேவையானது, தரவு உங்கள் அலுவலகக் கணினியை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே மறைகுறியாக்கப்பட்டு, சாவி முகிலுக்குப் போகாமலே இருக்கும் ஏற்பாடு. அப்படிச் செய்தால் வழமையான தேடல் நின்றுவிடும், ஏனெனில் முறையான மறைகுறியாக்கத்தில் ஒரே பெயரை இரண்டு தடவை மறைத்தால் இரண்டு வெவ்வேறு விளைவுகள் கிடைக்கும். சேர்வரால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. தேடலைத் திரும்பப் பெறுவதற்காகச் செய்யப்படும் ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் எதையோ வெளியே காட்டுகிறது. எதைக் காட்டச் சம்மதிக்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். விற்பவரிடம் அந்தத் தீர்மானத்தை ஒப்படைக்கக் கூடாது.

ஒலுவில் மாணவி எழுதியது:

அக்கா, இந்தத் துறையில் ஆய்வு செய்து வருவதால் அந்த விட்டுக்கொடுப்புகளைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மறைகுறியாக்கிய உரையில் தேடுவதற்கான முதலாவது நடைமுறை வழியை 2000ஆம் ஆண்டில் சோங், வாக்னர், பெரிக் ஆகிய மூவர் முன்வைத்தனர். 2011இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட கிரிப்ட்டிபி என்ற தரவுத்தள முறைமை, தரவுத்தளங்களைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் சாதாரண வினவல்களையே மறைகுறியாக்கிய அட்டவணைகள் மீது ஓட்டிக் காட்டியது. அதற்காக அது கையாண்ட முறைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஒரே பெறுமானத்துக்கு எப்போதும் ஒரே மறையுரையை, அதாவது மறைத்த பின் கிடைக்கும் உரையை, தருவது. இதனால் "சமம்" என்ற தேடல் இயலும். மற்றையது, பெறுமானங்களின் வரிசை மறையுரையிலும் மாறாமல் இருப்பது. இதனால் வயது 18க்கும் 25க்கும் இடைப்பட்டோர் போன்ற தேடல்கள் இயலும்.

2015இல் நவீத், கமாரா, ரைட் ஆகியோர் இவ்வகை மறைகுறியாக்கத்தை அமெரிக்க வைத்தியசாலைகளின் தரவைக் கொண்டு சோதித்தனர். சாவியைத் தொடாமல், பொதுவில் கிடைக்கும் புள்ளிவிபரங்களோடு ஒப்பிட்டு மட்டுமே, வரிசை காக்கும் முறையில் மறைக்கப்பட்ட வயது, நோயின் தீவிரம் போன்றவற்றை 95 சதவீதமான வைத்தியசாலைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோயாளர் பதிவுகளுக்கு மீட்டெடுத்தார்கள். சமத்தன்மை காக்கும் முறையில் மறைக்கப்பட்டவற்றை 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு மீட்டார்கள். உணர்திறன் மிக்க நிரல்களுக்கு (அட்டவணையின் நெடுவரிசைகளுக்கு) அந்த முறைகளைப் பயன்படுத்தவே கூடாது என்பது கிரிப்ட்டிபி குழுவினரின் பதிலாக இருந்தது. அந்த எச்சரிக்கையை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை உங்கள் தரவோடு பொருத்திப் பாருங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. பதிவுகளில் பிரதேசத்தைக் குறிக்கும் நிரலைச் சமத்தன்மை காக்கும் முறையில் மறைத்தால், பார்ப்பவருக்கு 14 வெவ்வேறு மறையுரைகளும், ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்பதும் தெரியும். உங்கள் நிறுவனம் எங்கெங்கே அதிகமாக வேலை செய்கிறது என்பதை ஊரறியும். எண்ணிக்கைகளை இறங்குவரிசையில் அடுக்கினாலே பல பிரிவுகளின் பெயர்கள் வெளிப்பட்டுவிடும். நம் மாவட்டத்தில் அத்தோடு அது நிற்கவும் மாட்டாது: காத்தான்குடி என்று தெரிந்தால் சமயத்தையும் ஊகித்துவிடலாம், போரதீவுப்பற்று என்று தெரிந்தாலும் அப்படித்தான். நீங்கள் சேகரிக்காத ஒரு விபரம் இவ்வாறு கசிவதை எண்ணித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

ஏறாவூர் பதிவாளர் எழுதியது:

நான் மருந்தகங்களுக்கான மென்பொருள் செய்பவன். பெயரையும் ஊரையும் தேடாமல் விட்டுவிட்டு, அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எஸ்எச்ஏ-256 கொண்டு ஹாஷ் செய்து, அதாவது ஒருவழிக் கணிப்பால் வேறொரு பெறுமானமாக மாற்றி, வைத்துக்கொண்டால் போதாதா? ஹாஷிலிருந்து இலக்கத்தைத் திரும்பப் பெற முடியாது என்றுதானே படித்திருக்கிறோம். திரும்ப வருபவரை இனங்காண அந்த ஒரு தேடல் போதுமானது.

கல்முனைக் கணிஞர் எழுதியது:

சகோதரரே, எதைத் தேடுவது என்பதைக் குறைத்துக்கொள்ளும் உங்கள் எண்ணம் மிகச் சரியானது. ஆனால் நமது அடையாள அட்டை இலக்கத்துக்கு வெறும் ஹாஷ் பாதுகாப்பாகாது. 12 இலக்கங்கள் இருந்தாலும் அவை எழுந்தமானமானவை அல்ல. முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டதும். பிறகு நான்கு இலக்கத் தொடரெண். கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஓர் ஆண்டுக்கு 366 நாட்கள், இரு பால், 10,000 தொடரெண்கள் என்று பெருக்கினால் 73 இலட்சத்து 20 ஆயிரம் வருகிறது. நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 73 கோடியே 20 இலட்சம். இத்தனைக்கும் ஹாஷ் கணித்து ஒப்பிட்டு முடிக்கச் சாதாரண மடிகணினிக்குச் சில நிமிடங்கள் போதும். ஹாஷைத் திரும்ப அவிழ்க்க வேண்டிய தேவையே இல்லை. எல்லா இலக்கங்களையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

இதற்குப் பதிலாக எச்மேக் பயன்படுத்துங்கள். அது இரகசியச் சாவியொன்றையும் சேர்த்துக் கணிக்கப்படும் ஹாஷ். சாவி அலுவலகத்தில் இருக்கும்வரை வெளியாளால் ஓர் இலக்கத்தையும் போட்டுப் பார்க்க முடியாது. இந்தப் பெறுமானத்தைத் தனி நிரலில் வைத்து, அதன் மீது மட்டும் தேட வேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். எச்மேக் பெறுமானத்தை முழுமையாகச் சேமிக்காமல் முதல் 8 பிட்டுகளை மட்டும் சேமித்தால் 256 கூடைகள்தான் இருக்கும். உங்கள் 5,000 பதிவுகளில் ஒவ்வொரு கூடையிலும் சராசரியாக இருபது பேர் விழுவார்கள். ஓர் இலக்கத்தைத் தேடும்போது சேர்வர் இருபது மறைகுறியாக்கிய பதிவுகளைத் தரும். அவற்றை உங்கள் கணினி மறைநீக்கி உரியவரைத் தெரிவு செய்யும். எந்த ஒருவரைத் தேடினீர்கள் என்பது சேர்வருக்குத் தெரியாது.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: ஒரே ஆளிடம் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் இருக்கலாம். பழைய ஒன்பது இலக்கங்களின் முன் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் 12 இலக்க வடிவம் கிடைக்கும். அதன் பின்னரே எச்மேக் கணிக்க வேண்டும். இல்லையேல் 12 இலக்க முறை அறிமுகமான 2016க்கு முன்னும் பின்னும் வந்த ஒரே ஆள் இரு வேறு ஆட்களாகிவிடுவார்.

படுவான்கரை எழுதியது:

இவ்வளவு சிக்கலும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 5,000 பதிவுகள்தானே? குறிப்பை ஒதுக்கிவிட்டால் ஒரு பதிவு ஒரு கிலோபைட்டைத் தாண்டாது. மொத்தம் 5 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவு. முழு அட்டவணையையும் ஒரே மறைகுறியாக்கிய கோப்பாக முகிலில் வையுங்கள். காலையில் அலுவலகக் கணினி அதை இறக்கி, மறைநீக்கி, தன் நினைவகத்திலேயே தேடட்டும். முகில் ஒரு வினவலையும் காணாது, ஆகையால் வினவல் வழியாக எதுவும் கசியாது.

இது சோம்பேறித்தனமான வழி என்று எவரும் எண்ண வேண்டாம். எதைக் கேட்டோம் என்பதைச் சேர்வருக்குக் காட்டாமல் தரவைப் பெறுவது எப்படி என்பதை 1995இல் ஷோர், கோல்ட்ரைக், குஷிலெவிட்ஸ், சூடான் ஆகிய நால்வர் ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு சேர்வர் இருந்து, அதன் கணிப்பு வலு எவ்வளவாயினும் எதுவுமே தெரியக் கூடாது என்றால், முழுத் தரவையும் அனுப்புவதைவிடக் குறைந்த செலவில் அதைச் செய்ய முடியாது என்று நிறுவினார்கள். பெரிய நிறுவனங்களுக்குத்தான் அந்த முடிவு இடைஞ்சல். நம்மைப் போன்ற சிறிய நிறுவனங்களுக்கு அது வசதியாகவே அமைகிறது.

ஒலுவில் மாணவி எழுதியது:

ஐயா சொன்னது அலுவலகத்துக்கு மிகப் பொருத்தமானது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். வெளிக்கள உத்தியோகத்தரின் கைத்தொலைபேசிக்கு அதே வழியைப் பின்பற்றினால், ஒரு தொலைபேசி தொலைந்தாலோ பறிக்கப்பட்டாலோ ஐயாயிரம் பேரின் விபரமும் அதனோடு போய்விடும். முகிலில் அடைத்த கசிவு சட்டைப்பைக்கு இடம்மாறுவதை நாம் விரும்ப மாட்டோம்.

ஆகவே கோப்பை உத்தியோகத்தர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு சாவி கொடுக்கலாம். கிரானில் வேலை செய்பவரின் தொலைபேசியில் கிரான் ஆட்களின் கோப்பு மட்டும் இருக்கும். அந்தக் கோப்பின் சாவி மட்டும் அவரிடம் இருக்கும்; எல்லாச் சாவிகளும் ஒருசேர அலுவலகத்தில் மட்டும் இருக்கும்.

வாவிக்கரை எழுதியது:

தங்கை, ஐயா, சகோதரர்கள் அனைவருக்கும் நன்றி. இரண்டு வழிகளையும் சேர்த்து யோசிக்கிறேன்: பெயர், பிரிவு, காரணம் ஆகியவை கோப்பாகவும், நீண்ட ஆலோசனைக் குறிப்புகள் தனித்தனியே மறைக்கப்பட்ட பதிவுகளாகத் தரவுத்தளத்திலும் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். குறிப்புகள்தான் அளவிற் பெரியவை.

எங்கள் பழைய பதிவுகளில் ஒரு பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. மறைகுறியாக்குவதற்கு முன் இதற்கு ஏதும் செய்ய வேண்டுமா?

கல்முனைக் கணிஞர் எழுதியது:

கட்டாயம் செய்ய வேண்டும். பாமினியில் உள்ளது கணினிக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் ஏற்றப்பட்டிருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. எச்மேக் கணித்தால் இரண்டும் முற்றிலும் வேறான பெறுமானங்களைத் தரும். "கோமதி" என்று தேடுபவருக்குக் கோமதியின் பதிவு கிடைக்காமற் போகும். ஆகவே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி ஒழுங்காக்கலைச் செய்த பின்னரே எதையும் மறைக்க வேண்டும். மறைத்த பின் பிழை திருத்துவது பெருந்தொல்லை.

நீளத்தையும் கவனியுங்கள். ஏஇஎஸ்ஸின் ஜிசிஎம் முறையில் மறையுரையின் நீளம் மூல உரையின் நீளத்தை அப்படியே பின்பற்றும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். "கல்வி" என்ற காரணம் 15 பைட்டுகள். "குடும்ப வன்முறை" என்ற காரணம் 43 பைட்டுகள். சாவியே இல்லாத ஒருவர், நீளத்தை மட்டும் பார்த்து, எந்தப் பெண் எதற்காக வந்தார் என்பதைப் பிரித்தறிந்துவிடுவார். உங்கள் தரவில் இதைவிடக் கொடிய கசிவு இருக்க முடியாது. காரணங்களுக்கு ஒரே நீளமுள்ள குறியெண்களைக் கொடுங்கள், அல்லது எல்லாவற்றையும் 64 பைட்டு வரை நிரப்பிய பின் மறையுங்கள். ஆலோசகரின் குறிப்புகளையும் 4 கிலோபைட், 8 கிலோபைட் என்று படிப்படியாக நிரப்பி வைக்கலாம்.

ஏறாவூர் பதிவாளர் எழுதியது:

எச்மேக் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. எனது மென்பொருளிலும் அதை மாற்றப் போகிறேன். நடைமுறையில் நான் கண்ட வேறொரு கசிவைச் சொல்கிறேன். தரவுத்தளங்கள் தாமதமான வினவல்களைப் பதிவேடொன்றில் எழுதி வைக்கும். வலைச் செயலியின் முகவரிப் பட்டையில் அடையாள அட்டை இலக்கம் வருமாறு மென்பொருள் எழுதப்பட்டிருந்தால், வலைச் சேர்வரின் பதிவேட்டிலும் அது விழும். வழுக்களைச் சேகரிக்கும் சேவைகளுக்கும் அதே இலக்கம் போய்ச் சேரும். அட்டவணையை எவ்வளவு நன்றாக மறைத்தாலும் பதிவேட்டில் எல்லாம் வெளிப்படையாக இருக்கும். ஒப்பந்தத்திற் கையொப்பமிடுவதற்கு முன் அந்தப் பதிவேடுகளின் மாதிரியைக் காட்டும்படி கேளுங்கள்.

மறைத்தபடியே கணிக்கும் முழு ஹோமோமோர்ஃபிக் முறையை எவராவது விற்க வந்தால் என்ன சொல்வது?

ஒலுவில் மாணவி எழுதியது:

2009இல் ஜென்ட்ரி அது இயலும் என்று நிறுவியது இத்துறையின் பெரும் சாதனை. வேகம் இன்னும் நம் தேவைக்கு ஏற்றதாக இல்லை. 5,000 பதிவுகளுக்கு அது வேண்டியதும் இல்லை. நிறுவனம் வளர்ந்து பதிவுகள் இலட்சக்கணக்கில் பெருகினால், மொங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2023இல் தன் 7.0 பதிப்பில் சமத்தன்மைத் தேடலுக்கும் 2024இல் 8.0 பதிப்பில் வீச்சுத் தேடலுக்கும் (இரு எல்லைகளுக்கு இடைப்பட்டவற்றைத் தேடுவதற்கும்) கொண்டுவந்த, எழுந்தமான மறைகுறியாக்கத்தின் மீதே தேடும் வசதியை ஆராயலாம். வன்பொருளுக்குள் பூட்டிய பாதுகாப்பறைகளில் தரவை மறைநீக்கித் தேடும் முறைகளும் உண்டு. ஆயினும் 2018இல் வெளியான ஃபோர்ஷேடோ தாக்குதல் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் அறைக்குள் இருந்ததை வெளியே எடுத்துக் காட்டியதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

படுவான்கரை எழுதியது:

சாவியைப் பற்றி யாரும் இன்னும் முழுமையாகப் பேசவில்லை. சாவி அலுவலகத்தில் மட்டும் இருக்கும் என்றால், வெள்ளம் அலுவலகத்தையே மூழ்கடிக்கும் நாளில் முகிலில் இருப்பது வாசிக்கவே முடியாத குப்பையாகிவிடும். நீங்கள் முகிலுக்குப் போக எண்ணிய காரணமே அதனால் அடிபட்டுப் போகும்.

1979இல் ஷமீர் தந்த இரகசியப் பகிர்வு முறை இதற்கென்றே அமைந்தது போன்றது. சாவியை ஐந்து பங்குகளாக்கி, அவற்றில் எவையேனும் மூன்று சேர்ந்தால் சாவி கிடைக்கும்படி அமைக்கலாம். இரண்டு பங்குகளிலிருந்து எதுவும் தெரியவராது. பங்குகளைத் தாளில் அச்சிட்டு, பணிப்பாளர், ஆட்சிக்குழுவினர் இருவர், வங்கிப் பெட்டகம், மாவட்டத்துக்கு வெளியே நம்பிக்கைக்குரிய ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். ஐந்தும் வாவியின் ஒரே கரையில் இருக்க வேண்டாம். ஒருவர் பணியிலிருந்து விலகினால் புதிய பங்குகளை உருவாக்கிப் பழையவற்றை எரித்துவிட வேண்டும்.

வாவிக்கரை எழுதியது:

ஐயா, ஆட்சிக்குழுவில் இதை அடுத்த கூட்டத்திலேயே முன்வைக்கிறேன். அந்த நிறுவனத்துக்கும் சாவி, பதிவேடு ஆகிய இரண்டைப் பற்றியும் கடிதம் எழுதிவிட்டேன். சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கொள்ளும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அக்கடிதத்தில் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. நன்கொடையாளர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் கிராம சேவையாளர் பிரிவுவாரியாக, காரணம்வாரியாக எண்ணிக்கை அனுப்புகிறோம். அதில் பெயர்கள் இல்லை. அதைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பலாமா?

ஒலுவில் மாணவி எழுதியது:

அக்கா, அந்த அட்டவணையில் "1" என்று வரும் கட்டங்களைப் பாருங்கள். இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு பிரிவில், ஒரு காலாண்டில், ஒரேயொரு பாலியல் துன்புறுத்தல் முறைப்பாடு என்று எழுதினால், அந்த ஊரில் வாசிப்பவருக்குப் பெயர் வேண்டியதில்லை. மறைகுறியாக்கிய மின்னஞ்சலில் அனுப்பினாலும் பெறுபவர் அதைத் திறந்துதான் வாசிப்பார். பிறகு அது அச்சாகி மேசைகளில் கிடக்கும்.

ஐந்துக்குக் குறைந்த எண்கள் உள்ள கட்டங்களைத் தனியே காட்டாமல், அப்பிரிவுகளைப் பிரதேச செயலக மட்டத்துக்குச் சேர்த்துவிடுங்கள். மறைத்த எண்ணை மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி, அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். முந்தைய காலாண்டு அறிக்கையோடு ஒப்பிட்டுக் கழித்தாலும் தெரியாதவாறு, திரண்ட மொத்தங்களை அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். நன்கொடையாளர் கிராமவாரி விபரம் வேண்டும் என்று வற்புறுத்தினால், எதற்காக என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரதேச மட்ட எண்களே அவர்களின் தேவைக்குப் போதுமானவையாக இருக்கும். ஏற்கெனவே அனுப்பிய அறிக்கைகளில் அத்தகைய கட்டங்கள் இருந்தால், அவற்றைத் தம் இணையத்தளத்திலிருந்து நீக்கும்படி இப்போதே அவர்களுக்கு எழுதிவிடுவது நல்லது.